சாய்ஞ்சம்மாவின் முகம்

கல்யாணமாகி எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் முழங்காலில் நின்றிருந்த அப்பாவிடம், "இவங்களுக்கு இன்னா, வலிப்பா?" என்று கேட்டாளாம். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அது நற்கருணையைத் தூக்கிக் காட்டும் நேரம். ஈ பறந்தாலும் கேட்கும். நான் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும், உறவு கூடுகிற எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தி முடியாது. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். வாலாஜாபாத்தில் மாரியம்மன் கோயில் தெருவில் பிறந்து, அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள். சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்?

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கதவு உயரம் இருக்கும். எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியது. கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் தன் ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்தார் என்பார்கள். வரைந்தது யார், எந்தக் காலத்தில் என்று கேட்டால் பெரியப்பாவுக்கே தெரியாது. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், எங்கள் ஊர் உபதேசியார். எங்களுடையது கிளைக் கோயில். பங்குச் சாமியார் எப்போதாவதுதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, சாவு மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் பெரியப்பாதான்.

படத்தில் முக்கால்வாசி இருட்டு. பழுப்பும் கறுப்புமாக, காலகாலமாக மெழுகுவத்திப் புகை ஏறிய இருட்டு. மேலே ஒரு மூலையிலிருந்து வெளிச்சம் சரிந்து விழும். விழுகிற இடத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் முகம். தலை பின்னால் சாய்ந்து, கண்கள் மேலே செருகி, வாய் பாதி திறந்திருக்கும். ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை விரல்கள் தளர்ந்து கீழே தொங்கும். விழப் போகிறவளை ஒரு சம்மனசு, தேவதூதன்தான், பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருக்கும். அதன் கன்னமும் ஒரு இறக்கையின் ஓரமும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மீதி இருட்டுக்குள் போய்விட்டது. அந்தப் புனிதை ஆண்டவரின் அன்பில் மூழ்கித் தன்னையே மறந்த நிலையில் இருக்கிறாள் என்று சாமியார்கள் பிரசங்கத்தில் சொல்வார்கள்.

ஊர் அதற்குத் தலையாட்டிவிட்டு, தன் இஷ்டத்துக்கு அவளுக்குச் சாய்ஞ்சம்மா என்று பெயர் வைத்துக்கொண்டது. நிறைமாதக் கர்ப்பிணிகள் அவளுக்குத்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இந்துக்கள் வீட்டுப் பெண்களும் வந்து படச் சட்டத்தில் மஞ்சள் தடவிவிட்டுப் போவார்கள். அது இடுப்பு வலி கண்ட முகம் என்று பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் சத்தியம் செய்வாள். கல்யாணமே ஆகாத ஒரு கன்னியாஸ்திரிக்கு இப்படியொரு வேலையைக் கொடுத்துவிட்டார்களே என்று சாமியார்கள் நெளிவார்கள். அந்த வழக்கத்தை மாற்றிப் பார்க்கவும் செய்தார்கள், நடக்கவில்லை. ஆக, அந்த முகத்தில் அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தனக்குத் தெரிந்ததைப் பார்த்தபோது மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். ஷிப்ட் முடிந்து வந்தால் நான் அவள் காலை அமுக்கிவிட வேண்டும். பதிலுக்கு அவள் கேன்டீனில் கொடுத்த பிஸ்கட்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். என்னை "வாடி போடி" என்பாள். நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். வீட்டில் என்னை ஆளாக மதித்துப் பேசிய ஒரே ஆள் அவள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில் அது நடந்தது. காலையில் எல்லோரும் கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். ராத்திரி ஷிப்ட் முடித்த அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், கோட்டோடு வந்து சாய்ஞ்சம்மா படத்துக்கு நேர் கீழே முழங்காலிட்டாள். பாதி மந்திரத்தில் அவள் குரல் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தையின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்கள் மேலே செருகி வெள்ளை தெரிந்தது. வாய் பாதி திறந்திருந்தது. ஜெபமாலை பிடித்த கை நெஞ்சில் இருந்தது, இன்னொன்று தொங்கியது. பின்னால் இருந்த ஒரு பெண் அவளைத் தாங்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துக் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வேறு உள்ளே வந்து தொலைத்தது. மேலே ஒரு முகம், கீழே அதே முகம்.

யாரோ "சேசுவே!" என்றார்கள். எல்லோரும் முழங்காலில் விழுந்தார்கள். அம்மா மட்டும் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடிப்போய் அத்தையின் கைக்குள் திணித்தாள். வலிப்பு கண்டவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்திருந்ததால்தான் அத்தனை பேருக்கும் சுருக்கென்று தைத்தது.

"இன்னா காரியம்மா பண்ற நீ? ஆவியானவர் எறங்கியிருக்கிற நேரத்துல இரும்பத் தூக்கினு வர்றே!" என்று பெரியப்பா சாவிக்கொத்தைப் பிடுங்கி வீசினார்.

"எங்க சின்ன மாமனுக்கு இப்டித்தான் மாமா வரும். கண்ணால பாத்திருக்கேன்."

"ஆமா, நீ படத்தப் பாத்தே வலிப்பான்னு கேட்டவளாச்சே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அத்தை கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி ஊரே முழங்காலில் நிற்பதைப் பார்த்து மிரண்டாள்.

இன்று யோசித்தால், எல்லோருக்குமே அது தரிசனமாக இருப்பதுதான் வசதியாக இருந்திருக்கிறது. வலிப்பு என்று வெளியே தெரிந்தால் கம்பெனியில் லைனில் நிற்க விட மாட்டார்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீடு அன்றைக்கே நின்றுபோகும். தரிசனம் என்றால் எதுவும் போகாது, கூடக் கொஞ்சம் மரியாதைதான். அத்தைக்கும் முதலில் அந்தக் கணக்கு இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று அம்மா தனியாகக் கூப்பிட்டபோது, "வேணாம் அண்ணி. ஃபிட்ஸுன்னு எழுதிட்டாங்கன்னா என் பொழப்பே போச்சு" என்று அவளே சொன்னது எனக்குக் கேட்டது.

பங்குச் சாமியார் வந்து விசாரித்தார். "அவசரப்பட்டு எதையும் சொல்லக் கூடாது, முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார். ஊர் அதில் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டது. சாமியாரே மறுக்கவில்லையாம், அவசரப்படக் கூடாது என்றுதான் சொன்னாராம் என்று செய்தி வல்லம் வடகால் வரை போயிற்று.

பெரியப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் கஷ்டமே. உண்மையாகவே நம்பினார். தன் தங்கைக்கு இப்படியொரு வரம் கிடைத்திருக்கிறது, அதற்குத் தான் தகுதியானவனா என்று வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார். அவர் அத்தையிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வேலை முடிந்ததும் வந்து படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அத்தை உட்கார்ந்தாள். ராத்திரி ஷிப்டில் நின்றுவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் கோயிலில் உட்கார்ந்தாள். தூக்கம் குறையக் குறைய அது அடிக்கடி வந்தது. அடிக்கடி வர வர ஊருக்கு நம்பிக்கை கூடியது. வேன் பிடித்துக்கொண்டு வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காய்ச்சல் பிள்ளைகளின் தலையில் கை வைக்கச் சொன்னார்கள். என்ன பார்த்தாய், ஆண்டவர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அத்தை ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வாள். அதையும் தாழ்ச்சி என்றார்கள்.

என்னிடம் மட்டும் சொன்னாள். ஒரு மத்தியானம் பக்கத்தில் படுத்திருந்தபோது, நானாகத்தான் கேட்டேன்.

"மொதல்ல வயர் கருகுற வாசன வரும்டி. அப்புறம் ஒண்ணும் தெரியாது. கண்ணத் தொறந்தா எல்லாரும் என்னையே பாத்துகினு கீறாங்க."

"சாமி வரமாட்டாரா?"

"தெரியல."

"மறந்துட்டியா அத்த?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆண்டவரையே பார்த்துவிட்டு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று. எனக்கு வந்தால் நான் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்துவிடுவேன். அதற்கு வேண்டிய முயற்சியையும் எடுத்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது பீரோ கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்து, கண்ணை மேலே செருகி, வாயைப் பாதி திறந்து பழகினேன். கழுத்து நரம்பு புடைத்து வலித்ததுதான் மிச்சம். ஆண்டவர் வரவில்லை.

கார்த்திகை வாக்கில் அத்தை இளைத்துவிட்டாள். கை நடுங்கி வயரைத் தப்பாகச் செருகுகிறாள் என்று சூப்பர்வைசர் திட்டினாராம். காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இப்போது அவளே அம்மாவிடம் போய், "அண்ணி, போலாம்" என்றாள்.

அத்தைக்கு வார விடுமுறை வந்த நாளில், துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அம்மா அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கே நின்றிருந்த ஒரு பெண் அத்தையை அடையாளம் கண்டுகொண்டாள். குனிந்து காலைத் தொட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். அத்தை நிறுத்தத்தின் சிமென்டு கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ நோஞ்சான் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்கள். குழந்தையின் அம்மா எதிரே நின்று அழுதுகொண்டிருந்தாள். பஸ் வந்தது. அம்மா, "எழுந்திரு, எழுந்திரு" என்றாள். மடியில் குழந்தை இருந்தது. அதன் தாய் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அடுத்த பஸ் வருவதற்குள் யாரோ சொல்லி அப்பா வண்டியில் வந்துவிட்டார். அப்பா சத்தம் போடவில்லை. "கோயில் திருவிழா முடியட்டும், நானே கூட்டினு போறேன்" என்றார். அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அண்ணனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் எப்போதும் கேட்டில் நிற்பதைப் போலத்தான் நிற்பார்.

திருவிழா தை மாதத்தில் வந்தது. பூசை முடித்ததும் சாமியார் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். கூட்டம் கிளம்பவில்லை. அவர்கள் பூசைக்காக மட்டும் வந்தவர்கள் இல்லை. அத்தைக்கு வெள்ளைப் புடவை கட்டி, படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பெரியப்பா மைக்கில் செபம் சொன்னார். பாட்டு பாடினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி பாடினார்கள். வெளியே பந்தல் வரை ஆட்கள் நின்றார்கள். கைக்குழந்தைகள் புழுக்கத்தில் கத்தின. சக்கர நாற்காலியில் ஒரு பையனை முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெரியப்பா குனிந்து அத்தையின் காதில் ஏதோ சொன்னார். அதட்டவில்லை, கெஞ்சினார். அவர் கண்ணில் நீர் இருந்தது.

அத்தை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்ணை மேலே செருகினாள். வாயைப் பாதி திறந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையைத் தொங்கவிட்டாள். "தோத்திரம், தோத்திரம்" என்று கோயிலே அதிர்ந்தது. எனக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. அத்தையின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. கண்ணாடி முன்னால் எனக்கும் அப்படித்தான் புடைக்கும். நிஜமாக வரும்போது அவளுக்குக் கழுத்து தொளதொளவென்று கிடக்கும். அத்தை விளையாடுகிறாள் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, அவள் என்னைப் பார்ப்பாளா என்று காத்திருந்தேன். பக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அவள் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நிஜமானது வந்தது. அதுவரை வந்ததைப் போல அல்ல. அத்தை நாற்காலியிலிருந்து தூக்கிப் போட்டது போல் விழுந்தாள். பீடத்துப் படியில் மண்டை இடித்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரையும் ரத்தமும் வந்தன. வெள்ளைப் புடவை நனைந்து தரையெல்லாம் ஈரமானது. படத்தில் இதெல்லாம் இல்லை. அவள் கைபட வேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டு நின்றவர்கள் அப்படியே பின்வாங்கினார்கள். சக்கர நாற்காலிப் பையனை அவன் அம்மா இழுத்துக்கொண்டு ஓடினாள். "பேய்டா, இது பேய்" என்று ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது. பெரியப்பா மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "தூக்குயா" என்றாள். அவரை அவள் அப்படி அதட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா தூக்கினார். ரோட்டுக்கு ஓடினோம். இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஒன்று வந்தது. அம்மா நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, லேட்டாச்சுன்னா என் சீட்டக் கிழிச்சிடுவானுங்க" என்றார் டிரைவர். சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். அதில் தெற்கத்திப் பெண் ஒருத்தி, "ஒருக்களிச்சுப் படுக்க வைங்கக்கா, நுரை உள்ள போயிரும்லா" என்று தன் துப்பட்டாவை மடித்து அத்தையின் வாயோரம் பிடித்தாள். பஸ் கம்பெனிப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது.

மூளையில் கட்டி என்றார்கள். அது பெரிதாகிவிட்டதாம். எவ்வளவு நாளாக இருக்கிறது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் அப்பாவிடம் கேட்டார். "கோயில்ல வெச்சிருந்தோம் சார்" என்றார் அப்பா. டாக்டர் பேனாவை எடுத்தார். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஆபரேஷனுக்காகக் காத்திருந்தபோதே அத்தை இறந்துபோனாள். ஊரில் சிலர் அவளைப் புனிதை என்றார்கள், சிலர் பேய் பிடித்தவள் என்றார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று என்று சொன்னவள் அம்மா ஒருத்திதான். எனக்கு இன்றும் அந்த ஊர் மேல் கோபம் தீரவில்லை.

ஆஸ்பத்திரி எனக்கு அவ்வளவாக நினைவில்லை. பஸ்தான் நன்றாக நினைவிருக்கிறது. ஒரகடம் நெருங்கும்போது அத்தை கண்ணைத் திறந்தாள். சுற்றி நின்ற பெண்களின் கோட்டுகளைப் பார்த்தாள். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, எழப் பார்த்தாள். அம்மா தோளை அழுத்தி மடியிலேயே படுக்க வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தைக்கு எல்லாம் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. நாக்கு கடிபட்டு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

"அண்ணி, இனிமே நான் கோயிலுக்குப் போவ வேணாம் இல்ல?"

அம்மா குனிந்து அவள் வாயோரத்தைத் துடைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அத்தையின் பயம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. பேய் என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டார்களே, இனிமேல் தன்னை உள்ளே விட மாட்டார்களோ என்று பயப்படுகிறாள். அம்மா பதில் சொல்லாததால் நான் சொன்னேன். அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"யாரு சொன்னா? நாளைக்கே போலாம் அத்த. நானே உன்னக் கூட்டினு போறேன். உன் எடத்துல வேற யாரையும் ஒக்கார விட மாட்டேன்."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு என் கைக்குள்ளிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெயில் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.